ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ் வாங்கும் முன்

கோடை விடுமுறை தொடங்கியதும் பல வீடுகளில் இந்தப் பேச்சு எழுகிறது. நாய் வளர்க்க வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார், பூனை பாட்டிக்குப் பிடிக்காது, ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ் வாங்கினால் என்ன? கூண்டு பால்கனியில் ஒரு மூலையில் தொங்கும். தினையும் தண்ணீரும் போதும். விலையும் கையைக் கடிக்காது. குழந்தை கெஞ்சுகிறது, அப்பா சரி என்று சொல்லப் போகிறார்.

இப்படி யோசிப்பவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. ஓர் உயிரை வீட்டுக்கு அழைத்துவந்து அன்பாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றே விரும்புகிறார்கள். ஆகவே இவர்களுடைய கேள்வியைக் கடிந்து ஒதுக்கிவிடாமல் அக்கறையோடு எடுத்துப் பேச வேண்டும். ‘நம்மால் நன்றாகப் பார்த்துக்கொள்ள முடியுமா?’ என்று வீட்டில் எல்லாரும் கேட்டுக்கொள்கிறார்கள். அதற்கு முன்னால் இன்னொன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. நம் வீட்டுக்கு வருவதால் அந்தப் பறவை எதை இழக்கிறது? யாருக்காக இழக்கிறது?

முதலில் பறவையை யாரென்று அறிந்துகொள்வோம். நம் ஊர்க் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று கேட்டால் பெரும்பாலும் நீள வால் கொண்ட ஆஸ்திரேலியச் சிறு கிளியைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். உண்மையான லவ் பேர்டை ‘ஆப்பிரிக்கன்’ என்று தனியாகச் சொல்லி, கூடுதல் விலைக்கு விற்பார்கள். குட்டை வால், தடித்த வளைந்த அலகு, ஐம்பது கிராம் அளவே எடை. இதில் ஒன்பது இனங்கள் உண்டு. எட்டு ஆப்பிரிக்கப் பெருநிலத்திலும் ஒன்று மடகாஸ்கர் தீவிலும் வாழ்கின்றன. ரோஜா நிற முகம் கொண்ட இனம் நமீபியாவின் வறண்ட நிலத்தைச் சேர்ந்தது. தண்ணீர் இருக்கும் இடத்தை விட்டு அது வெகுதூரம் போவதில்லை. ஃபிஷர் என்னும் இனம் விக்டோரியா ஏரிக்குத் தெற்கே, தான்சானியாவின் வேல மரக் காடுகளுக்கு உரியது.

இவை கூட்டமாகத் திரிபவை. ஒரே கூச்சலோடு எழும்பிப் பறக்கும், ஒன்றாக இறங்கித் தண்ணீர் குடிக்கும். கூட்டத்துக்குள் ஒவ்வொரு பறவைக்கும் ஒரு துணை இருக்கும். ஒருமுறை சேர்ந்த ஜோடி பெரும்பாலும் வாழ்நாள் முழுக்கப் பிரிவதில்லை. ஒன்றின் தலையிறகை மற்றொன்று மணிக்கணக்கில் கோதிவிடும், இரை ஊட்டிவிடும், உடலோடு உடல் ஒட்டி உறங்கும். மனிதர்களை இந்தப் பறவையிடம் இழுப்பதே இந்த நெருக்கம்தான்.

1962-இல் அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் டில்கர் இந்தப் பறவைகளைப் பற்றி எழுதியது இன்றும் உயிரியல் வகுப்புகளில் பேசப்படுகிறது. ரோஜா முகப் பெண் பறவை இலையையும் பட்டையையும் நீளநீளமாகக் கிழித்து, இடுப்பு இறகுகளுக்கு இடையே செருகிக்கொண்டு கூட்டுக்குப் பறக்கும். ஃபிஷர் பறவை அதே கீற்றை அலகில் கவ்விக்கொண்டு போகும். இரண்டையும் இணைத்துக் கலப்புக் குஞ்சுகளை அவர் உருவாக்கினார். அவை கீற்றை இறகில் செருகப் பார்த்தன, ஆனால் ஒழுங்காகச் செருகத் தெரியவில்லை, கீற்று கீழே விழுந்தது. அலகில் தூக்கிப் போகக் கற்றுக்கொள்ள அவற்றுக்கு ஆண்டுகள் பிடித்தன. கற்றுக்கொண்ட பிறகும், புறப்படும் முன் தலையைப் பின்னால் திருப்பும் பழக்கம் முழுதாக விடவில்லை.

ரோஜா முகப் பறவையின் இந்தச் செயலை எவரும் வீட்டுக் கூண்டிலேயே பார்க்கலாம். அடியில் விரித்த செய்தித்தாளைப் பெண் பறவை நேர்க்கோட்டில் கத்தரித்தது போலக் கிழித்து, கீற்றுகளை இடுப்பில் செருகிக்கொள்ளும். பிறகு கூண்டுக்குள் எங்கும் போக முடியாமல் கம்பியிலிருந்து கம்பிக்குத் தாவும். குழந்தைகள் கைதட்டிச் சிரிப்பார்கள். ‘கூண்டிலேயே பிறந்தது, அதற்குக் காடு என்றால் என்னவென்றே தெரியாது’ என்று கடைக்காரர் சொல்வதற்குப் பதில் அந்தக் கீற்றுகளில் இருக்கிறது. அதன் பாட்டன் பூட்டன்களும் கூண்டில் பிறந்தவையாக இருக்கலாம். காட்டை அது பார்த்ததில்லை என்பதும் உண்மை. ஆனால் காட்டில் செய்ய வேண்டிய வேலைகளை அதன் உடல் மறக்கவில்லை. நாய் மனிதரோடு வாழத் தொடங்கிப் பதினைந்தாயிரம் ஆண்டுகளுக்குக் குறையாது. கடைகளில் விற்கும் லவ் பேர்ட் இனங்கள் கூண்டுக்கு வந்து இரண்டு நூற்றாண்டுகூட முழுதாக ஆகவில்லை. இந்தக் குறுகிய காலத்துக்குள் மஞ்சள், நீலம், வெள்ளை என்று இறகின் நிறத்தை மாற்றிவிட்டார்கள். பறக்கவும் கூட்டமாக வாழவும் அதற்குள் இருக்கும் உந்துதலை யாரும் மாற்றவில்லை.

கூண்டில் பருந்து இல்லை, பஞ்சம் இல்லை, கல்லெறிபவர் இல்லை என்று ஒரு வாதம் உண்டு. காட்டில் பிழைப்பது கடினம்தான், பல குஞ்சுகள் முதல் ஆண்டைத் தாண்டுவதில்லை. ஆனால் இந்தப் பறவையைப் பருந்தின் வாயிலிருந்து மீட்டு யாரும் கூண்டுக்குக் கொண்டுவரவில்லை. விற்பதற்காகவே முட்டையிட வைத்து, அதற்கென்றே குஞ்சு பொரிக்க வைத்தார்கள். ஆபத்திலிருந்து காத்தோம் என்று அந்தக் குஞ்சைக் காட்டிச் சொல்ல முடியாது.

இந்த வணிகத்தின் பழைய கணக்கு இன்னும் கொடியது. 1980-களில் ஃபிஷர் பறவையை வலைவீசிப் பிடித்து ஏராளமாக ஏற்றுமதி செய்தார்கள். 1987-இல் உலகச் சந்தையில் மிக அதிகமாக விற்ற காட்டுப் பறவை அதுவே. காட்டில் அதன் எண்ணிக்கை சரிந்தது. பிறகு தான்சானியா அந்த ஏற்றுமதியை நிறுத்தியது. 1992-இல் அமெரிக்கா காட்டுப் பறவை இறக்குமதிக்குச் சட்டம் இயற்றிக் கட்டுப்பாடு விதித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2007-இல் நிரந்தரமாகத் தடுத்தது. இன்று நம் கடைகளில் இருப்பவை பெரும்பாலும் இங்கேயே கூண்டில் பெருக்கியவை. அந்த அளவில் இன்று வாங்குபவர் மீது காட்டைச் சூறையாடிய பழி விழாது. இதையும் நேர்மையாகச் சொல்லத்தான் வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கிளி ஜோசியக்காரர்கள் மீது வனத்துறை வழக்குப் போடுவது இதனால்தான். அயல்நாட்டுப் பறவைக்கு அந்தத் தடை இல்லை. 2022-இல் வந்த திருத்தமும் 2024-இல் வந்த விதிகளும், காட்டுயிர்களின் உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கும் அயல்நாட்டு உயிர்களை வளர்ப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. ஃபிஷர் பறவை அந்தப் பட்டியலில் இருக்கிறது, ரோஜா முகப் பறவை இல்லை. வாங்குபவர்களில் பலருக்கு இந்த வேறுபாடே தெரியாது. நன்கு அசைய இடமில்லாத கூண்டில் எந்த விலங்கை வைத்தாலும் குற்றம் என்று 1960-ஆம் ஆண்டின் வதைத் தடுப்புச் சட்டம் வேறு இருக்கிறது. பறவைகளுக்கு வானில் பறக்கும் உரிமை உண்டு, அவற்றைக் கூண்டில் அடைத்து வணிகம் செய்யும் உரிமை மனிதருக்கு இல்லை என்ற கருத்தை 2015-இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஓர் உத்தரவில் சொன்னது.

ஆனாலும் சட்டத்தின் பார்வை முதன்மையாக இனத்தின் மீதுதான் இருக்கிறது. பச்சைக்கிளி இந்தியக் காட்டின் சொத்து, ஆகவே காவல். லவ் பேர்ட் அயலூர்ப் பறவை, ஆகவே அனுமதி. கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒற்றைப் பறவைக்கு இந்தப் பாகுபாடு எந்த ஆறுதலும் தராது. பச்சைக்கிளியைக் கூண்டில் பார்த்தால் மனம் பதறும் ஒருவருக்கு, பக்கத்துக் கூண்டில் நீல நிற லவ் பேர்டைப் பார்க்கும்போது மட்டும் பதறாமல் இருக்க என்ன நியாயம்?

இப்போது இந்தக் கேள்வியின் நடுநரம்புக்கு வருவோம். வாங்குகிறவர்கள் இரு வகை. ஜோடியாக வாங்கிக் கூண்டில் பார்த்து மகிழ்பவர்கள் ஒரு வகை. தோளில் உட்கார்ந்து காதைக் கடித்து விளையாடும் பறவை வேண்டும் என்பவர்கள் இன்னொரு வகை. இரண்டாம் வகையினருக்காகச் சந்தையில் ‘ஹேண்ட் டேம்’ குஞ்சுகள் கிடைக்கின்றன. கண் திறந்து சில நாட்களே ஆன குஞ்சைத் தாய் தந்தையிடமிருந்து எடுத்து, ஊசிக் குழலால் கஞ்சி ஊட்டி வளர்ப்பார்கள். தன் இனத்தை அறியாமல் வளரும் அந்தக் குஞ்சு மனிதரையே துணையாகக் கொள்கிறது. கூட்டத்துக்கும் ஜோடிக்கும் உரிய பாசம் முழுவதும் ஒரே ஆளின் மேல் வந்து விழுகிறது. அந்த ஆளோ காலையில் எட்டு மணிக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்.

‘என்னை விட்டு ஒரு நிமிடம் இருக்காது’ என்று அவர் பெருமையாகச் சொல்கிறார். உண்மைதான், அதற்கு வேறு யாரும் இல்லை. நாள் முழுக்கத் தனியாக இருக்கும் கிளிகள் ஓயாமல் கத்துகின்றன, தங்கள் இறகைத் தாங்களே பிடுங்குகின்றன, சில தோலையும் கடித்துப் புண்ணாக்கிக்கொள்கின்றன. ஓர் உயிருக்கு இருந்த எல்லா உறவையும் அறுத்துவிட்டு, அந்த இடத்தில் தன்னை மட்டும் நிறுத்தி, அதன் ஏக்கத்தை அன்பு என்று பெற்றுக்கொள்வதை ஏற்க முடியவில்லை. லவ் பேர்ட் வளர்ப்பில் மிகப் பெரிய தவறு இதுவென்றே தோன்றுகிறது. இதோடு ஒப்பிட்டால் ஜோடியாக வளர்ப்பவரின் தவறு சிறிது. அவர் எடுத்துக்கொள்வது வானத்தை. துணையையாவது விட்டுவைக்கிறார்.

அந்த ஜோடிக்கும் நல்ல வாழ்வு தருவது எளிதல்ல. சிறகை முழுதாக விரித்துச் சில அடிகளாவது பறக்கக்கூடிய அகலக் கூண்டு வேண்டும். பால்கனியில் தொங்கும் சிறு கூண்டில் அது நடக்காது. தினை மட்டுமே தின்று வளரும் பறவைக்கு வைட்டமின் ஏ குறைந்து நோய் வரும். கீரை, காய், கணவாய் ஓடு எல்லாம் வேண்டும். இரவில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இருளும் அமைதியும் வேண்டும், தொலைக்காட்சி ஓடும் கூடத்தில் அது கிடைக்காது. நான்-ஸ்டிக் தோசைக்கல் அளவுக்கு மீறிச் சூடானால் எழும் ஆவி, மனிதருக்குத் தெரியும் முன்பே பறவையின் நுரையீரலைக் கெடுத்துச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். கொசுவர்த்திப் புகையும் சாம்பிராணிப் புகையும்கூட அதற்கு ஆகாது. நோய் வந்தாலும் கடைசிவரை மறைத்துக்கொள்வது பறவைகளின் இயல்பு, ஏனென்றால் தளர்ந்து தெரியும் பறவையைத்தான் காட்டில் முதலில் பருந்து தூக்கும். பறவை மருத்துவம் அறிந்த கால்நடை மருத்துவர் சென்னையில் கிடைக்கலாம். சிறு ஊர்களில் தேடித்தான் பார்க்க வேண்டும். இவ்வளவும் செய்தால் அது பத்துப் பதினைந்து ஆண்டுகள் வாழும். இன்று எட்டு வயதில் கெஞ்சும் குழந்தை அப்போது வேலைக்காக வேறு ஊருக்குப் போயிருக்கும்.

குழந்தைக்கு உயிரிரக்கம் வளரும் என்ற காரணம் பலமானது. வள்ளலார் பிறந்த மண்ணில் அதை லேசாக ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அடைத்து வைத்த உயிருக்குத் தீனி போடும் குழந்தை, உயிர்கள் நமக்காக அடைபட்டிருப்பது இயல்புதான் என்ற பாடத்தையும் சேர்த்தே கற்கிறது. சென்னை ராயப்பேட்டையில் கேமரா பழுதுபார்க்கும் ஒருவர் பல ஆண்டுகள் தன் மொட்டை மாடியில் பலகை அடுக்கி அரிசி வைத்தார். ஆயிரக்கணக்கான பச்சைக்கிளிகள் வந்து தின்றுவிட்டுப் பறந்து போயின. அதைப் பார்த்து வளர்ந்த தெருக் குழந்தைகளுக்குக் கிடைத்த பாடத்தைக் கூண்டு தராது.

முதியவர்களின் தனிமை இதைவிட வலிய வாதம். பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டில் பேச ஆளில்லை. இரண்டு பறவைகளின் சத்தம் ஒருவரைக் காலையில் எழுப்பிவிடுகிறது என்றால் அதை யார் குறை சொல்ல முடியும்? அந்த வீட்டில் இருக்கும் பறவைகளைக் குறித்து அறம் பேசுவதற்கு முன், அந்த முதியவரைத் தனியே விட்டவர்களிடம் பேச வேண்டும். இன்னொரு பக்கம், மாடியில் கூண்டு கட்டி, பானை தொங்கவிட்டுக் குஞ்சு பொரிக்கவைத்து, அந்த வருமானத்தில் வீட்டுச் செலவைச் சமாளிக்கும் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களைக் குற்றவாளிகளாகக் காட்டுவது அநீதி. ஆனால் பிழைப்பு என்பதால் மட்டுமே ஒரு தொழில் சரியாகிவிடாது. வாங்குபவர் குறையக் குறைய அந்தத் தொழிலும் மெல்ல வேறு திசைக்குப் போகும்.

எல்லாவற்றையும் எடைபோட்டால், கடையிலிருந்து புதிதாக வாங்க வேண்டாம் என்பதே இந்தக் கட்டுரையின் முடிவு. ஒரு ஜோடி விற்றுப்போன இடத்தை நிரப்ப இன்னொரு ஜோடியைப் பொரிக்கவைக்கிறார்கள். வாங்கும் பணம் அடுத்த கூண்டுக்கான முன்பணம். இரக்கப்பட்டு, ‘இந்தக் கடையிலிருந்து இதையாவது காப்பாற்றுவோம்’ என்று வாங்குபவரின் பணமும் அதே வேலையைத்தான் செய்கிறது.

ஏற்கெனவே கூண்டில் இருக்கும் பறவையின் கதை வேறு. வீடு மாறுபவர்கள், சலித்துப்போனவர்கள், ஒவ்வாமையால் அவதிப்படுபவர்கள் அதைக் கைவிடப் பார்க்கிறார்கள். சிலர் புண்ணியம் என்று எண்ணி மாடியில் கதவைத் திறந்துவிடுகிறார்கள். அது விடுதலை ஆகாது. இங்குள்ள மரங்களில் எதைத் தின்பது என்று அதற்குத் தெரியாது, காக்கைகள் விடாமல் துரத்தும், பெரும்பாலும் சில நாளில் சாகும். தப்பிப் பிழைத்தாலும் தொல்லை உண்டு. அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரத்திலும் கென்யாவின் நைவாஷா ஏரிக்கரையிலும் கூண்டிலிருந்து வெளியேறிய லவ் பேர்டுகள் பெருகிவிட்டன. நைவாஷாவில் இரண்டு இனங்கள் தமக்குள் கலந்தும்விட்டன. கைவிடப்பட்ட பறவையை இலவசமாக ஏற்று, பெரிய கூண்டு கட்டி, அறைக்குள் தினமும் பறக்கவிட்டு, முட்டையிடப் பானை வைக்காமல், அதன் ஆயுள் முழுக்கப் பார்த்துக்கொள்ள ஒருவர் முன்வந்தால் அதைத் தயங்காமல் செய்யலாம். அவர் எந்தக் குஞ்சையும் பிறக்க வைக்கவில்லை, பிறந்துவிட்ட ஒன்றுக்குப் பொறுப்பேற்கிறார்.

அப்படிப் பொறுப்பேற்ற வீட்டில் ஒருநாள் ஜோடியில் ஒன்று இறந்துபோகும். மீதியிருப்பது கூண்டின் ஓரத்தில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். புதிதாக ஒன்றை வாங்கி விட்டால் ஓர் உயிருக்குத் துணை கிடைக்கும், சந்தைக்கு இன்னொரு விற்பனையும் கிடைக்கும். வாங்காவிட்டால் கூட்டமாக வாழப் பிறந்த பறவை தனிமையில் காலம் தள்ள வேண்டும். இதற்கு எளிய விடை இல்லை. இதேபோல் துணை இழந்த பறவை இருக்கும் இன்னொரு வீட்டைத் தேடி இரண்டையும் ஒரே வீட்டில் சேர்ப்பதே இருப்பதில் நல்ல வழி, அது நம் வீடாக இல்லாவிட்டாலும். கிளிகளிடையே இறகு உதிர்க்கும் வைரஸ் நோய் பரவும் என்பதால் முதல் சில வாரங்கள் இரண்டையும் வேறு வேறு அறையில் வைத்து மருத்துவரிடம் காட்ட வேண்டும். பிறகு கூண்டுகளை அருகருகே வைக்கலாம். அவை ஒன்றையொன்று ஏற்காமலும் போகலாம். அப்போது கூண்டுகளைப் பக்கத்தில் வைத்தபடியே இரண்டையும் தனித்தனியாக வளர்க்க வேண்டியதுதான்.