வெயிலின் உயரம்

மெல்பேர்னின் கிரெய்கிபர்னில் ஜூன் மாத நண்பகலில் வெளியே நின்றால், நம் நிழல் நம்மைவிட நீளமாக விழும். அப்போது சூரியன் வடக்கு வானில் 30 பாகைகூட ஏறுவதில்லை. யாழ்ப்பாணத்து ஏப்ரல் நண்பகலிலோ அது உச்சந்தலைக்கு மேல் நிற்கும். நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். ஊர் முற்றத்து வெயிலை இங்குள்ள மேடைக்குக் கொண்டுவர விரும்புபவர் விளக்கின் நிறத்துக்கு முன் அதன் உயரத்தைப் பார்க்க வேண்டும். முன்னாலிருந்து தாழ்வாக அடிக்கும் ஒளி, எத்தனை மஞ்சளானாலும், மெல்பேர்ன் குளிர்கால வெயில்தான்.

இப்படிப் பார்த்துப் பழகிய கண் எதைச் சாதிக்கும் என்பதற்கு சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’ (1956) திரைப்படம் சாட்சி. காசி வீட்டு முற்றத்தை அரங்கமாகக் கட்டியபோது, ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா மேலே வெள்ளைத் துணியை விரித்து, விளக்குகளை அதன்மீது அடித்துத் திருப்பினார். திறந்த வானத்தின் நிழலற்ற மென்மை கீழே இறங்கியது. எனக்கு இதைவிடப் பெரிய பாடம் தெரியவில்லை.

நிழலின் நிறத்தையும் கவனியுங்கள். மாலை வெயில் பொன்னாக விழும் சுவரில், வெயில் படாத பகுதி நீலம் பாய்ந்திருக்கும். அங்கே விழுவது வானத்தின் ஒளி. மேடையில் ஒரு பக்க விளக்குக்குப் பொன்னிறத் தாள் போட்டால், எதிர்ப்பக்கம் மங்கலான நீலம் வேண்டும். இன்னொன்று: ஊரில் அந்தி சீக்கிரம் கவிந்துவிடும், மெல்பேர்ன் கோடையில் அது நின்று நிதானமாக மறையும். ஊர்க்கதை என்றால் விளக்கைச் சற்று விரைவாகவே இறக்குங்கள்.