துண்டும் தவணையும்

வட்டவளைக்கும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களுக்கும் கடன் புதிய சங்கதி அல்ல. நம் பூட்டன்மார் இந்த மலைக்கு வந்து சேரும் முன்பே கங்காணியின் முற்பணத்துக்குக் கடன்காரர்களாகியிருந்தார்கள். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போகத் துரை எழுதிக் கொடுக்கும் துண்டு வேண்டும். இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிப்பேன் என்பதே அதன் பொருள். 1921இல் அந்த முறை சட்டத்தால் ஒழிந்தது. நூறு வருடம் கழித்து, இதே மலையை விட்டு வெளியேறுவதற்காக நம் பிள்ளைகள் மறுபடியும் கடன் பத்திரத்தில் கையெழுத்திடுகிறார்கள்.

1945 முதல் இலவசக் கல்வி உள்ள நாடு இது. ஆனாலும் உயர்தரத்தில் சித்தியடைந்த எல்லோருக்கும் அரச பல்கலைக்கழகத்தில் இடமில்லை. இடம் கிடைக்காதவர்கள் தனியார் நிறுவனங்களில் பட்டம் படிக்க 2017இல் அரசு வட்டியில்லாக் கடன் திட்டமொன்றைத் தொடங்கியது. முதல் தொகுதிகளுக்குப் பாடநெறிக் கட்டணமாக 8 இலட்சம் ரூபா வரை கிடைத்தது. வட்டியை அரசு ஏற்கும். படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துப் பிள்ளை முதலைக் கட்டத் தொடங்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் 2024 செப்டம்பரில் நிர்ணயித்த 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தில் கணக்குப் பார்த்தால், அந்த 8 இலட்சம் என்பது ஒரு தாய் ஒருநாளும் அரைப்பேர் விழாமல், ஒரு சதமும் செலவழிக்காமல், 593 நாள் கொழுந்தெடுத்த கூலி.

ஈடு வைக்க லயத்துக் காம்பரா நம் பெயரில் இல்லை. ஆகவே மனிதர்களையே ஈடு வைக்கிறோம். நிரந்தரச் சம்பளமுள்ள ஆசிரியரோ, அரச வேலையிலிருக்கும் மாமாவோ பிணைக்குக் கையெழுத்திடுகிறார். தவணை தவறினால் கடன் தகவல் பணியகத்தின் பதிவில் அவர் பெயரும் சேர்ந்து கெடுகிறது. நாளை தன் பிள்ளைக்காக அவர் வங்கிக்குப் போகும்போது அது முன்னால் வந்து நிற்கிறது. நம்மை வாட்டுவது தொகையைவிட இந்த வெட்கம்தான். அதனால்தான் வங்கியின் கடிதத்தைப் பிரிக்காமல் வைக்கிறோம்; தோடும் சங்கிலியும் அடகுக்குப் போகின்றன; வட்டியில்லாக் கடனின் தவணையைக் கட்ட மீற்றர் வட்டிக்கு எடுக்கிறோம். அம்மாவின் சேமலாப நிதி வந்ததும் தீர்த்துவிடலாம் என்று காத்திருக்கிறோம். அவளுடைய முதுமைக்கென்று இருப்பது அந்தப் பணம் ஒன்றுதான். அதைத் தொடக்கூடாது.

2022 ஏப்ரல் 12ஆம் திகதி இந்த நாடு, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று உலகத்துக்கு அறிவித்தது. பேசியது, கால அவகாசம் கேட்டது. 2024இல் கடன் தந்த நாடுகளோடும் பிணைமுறிக்காரர்களோடும் உடன்பாட்டுக்கு வந்தது. இயலாதபோது இயலாது என்று சொல்லி மறுசீரமைப்புக் கேட்பது ஓர் அரசுக்கு நேர்மையான வழியென்றால், வேலை கிடைக்காத பட்டதாரிக்கும் அது நேர்மையான வழியே. ஒரு தவணை தவறும் முன்பே வங்கிக் கிளைக்குப் போய், இப்போதைய வருமானம் இவ்வளவு, மாதம் கட்டக்கூடியது இவ்வளவு என்று எழுதிக் கொடுத்து, தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தரக் கேட்க வேண்டும். நிலுவைக்கு வட்டி சேருமா, பிணையாளரின் பொறுப்பு எதுவரை என்பவற்றையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். கிளை செவிசாய்க்காவிட்டால் நிதி ஒம்புட்ஸ்மனிடமும் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்திடமும் முறையிடலாம். வங்கி கேட்டதையெல்லாம் தந்துவிடும் என்பதல்ல. ஆனால் கேட்டவருக்கு ஒரு பேச்சு நடக்கிறது, ஒளிந்தவருக்கு வழக்குத்தான் வருகிறது.

அதற்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. தவணை கட்ட முடியாத நிலை வந்தால், வங்கியின் கடிதம் போய்ச் சேருவதற்குள், உங்களுக்காகப் பிணை நின்றவரின் வீட்டுக்கு நீங்களே போய்ச் சொல்லுங்கள்.