விரலின் விலை

ஏகலைவன் கதையைக் கேளாமல் வளர்ந்தவர்கள் நம்மில் குறைவு. துரோணர் தட்சிணை கேட்டார். வேடன் மகன் வலக்கைக் கட்டைவிரலை அறுத்து அவர் முன் வைத்தான். குருபக்திக்கு இதைவிட மேலான உதாரணம் இல்லை என்பார்கள் சிலர். குலத்தைக் காட்டி இழைத்த கொடுமை என்பார்கள் வேறு சிலர். எனக்கு அந்தக் கதையில் இன்னொரு கேள்வி உண்டு. துரோணர் அன்று வாங்கிக்கொண்டது எவ்வளவு? நூற்றுக்கு எத்தனை பங்கு?

இதை வேடிக்கைக் கேள்வி என்று தள்ளிவிட வேண்டாம். நம் நாட்டுச் சட்டத்தில் இதற்கு விடை அச்சாகி இருக்கிறது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்திலும், இ.எஸ்.ஐ. என்று எல்லோரும் சொல்லும் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் ஓர் அட்டவணை உண்டு. வேலையில் விபத்து நேர்ந்து கட்டைவிரல் போனால், சம்பாதிக்கும் திறனில் நூற்றுக்கு 30 போயிற்று என்று அது சொல்கிறது. சுட்டுவிரல் முழுதும் போனால் 14. நடுவிரலுக்கு 12. மோதிரவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் தலைக்கு 7. ஒரு கையில் இரண்டு விரல்கள் போனால் 20. சுட்டுவிரலையும் நடுவிரலையும் தனித்தனியே கூட்டினால் 26 வருகிறதே என்று பள்ளிப் பையன் கேட்பான். அட்டவணை பதில் சொல்லாது. வலக்கை, இடக்கை என்ற வித்தியாசமும் அதற்கு இல்லை. கையே துண்டாகிப் போனால், மிஞ்சிய பகுதியை அளப்பதற்கு 20.32 சென்டிமீட்டர், 11.43 சென்டிமீட்டர் என்று எல்லை போட்டிருக்கிறது. இந்த விசித்திரமான எண்கள் எங்கிருந்து வந்தன? எட்டு அங்குலமும் நாலரை அங்குலமும் சென்டிமீட்டர் வேஷம் போட்டுக்கொண்டு நிற்கின்றன. அவ்வளவுதான். அளவுகோல் மாறிய போதும், அளப்பது சரிதானா என்று யாரும் மறுபடி கேட்கவில்லை.

ஏகலைவனுக்கு வருவோம். மிஞ்சிய விரல்களால் அவன் அம்பு எய்து பார்த்தான் என்றும், பழைய வேகம் கைகூடவில்லை என்றும் பாரதம் சொல்கிறது. அட்டவணைப்படி அவனிடம் இன்னும் 70 பங்கு மிச்சம் இருந்தது. துரோணருக்கு அட்டவணை தெரியாது, வில்வித்தை தெரியும். இனி அர்ஜுனனுக்குப் போட்டி இல்லை என்று அவர் நிம்மதியாக வீடு திரும்பினார்.

இது புராணத்தோடு நின்றுபோகாத ஊர்கள் பாலாற்றுப் பக்கத்தில் இருக்கின்றன. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி. தோல் பதனிடுவதும் செருப்பு, பூட்ஸ் தைப்பதும் அங்கே ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு. சுண்ணாம்பில் ஊறிய தோலிலிருந்து சதையை வழிக்கவும், தோலை இரண்டாகப் பிளக்கவும், சீவிக் கனம் குறைக்கவும், அழுத்தி மெருகேற்றவும் இயந்திரங்கள் இருக்கின்றன. தோலுக்கும் விரலுக்கும் அவற்றுக்கு வித்தியாசம் தெரியாது. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் இறந்தபோது நாடே அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது. விரல்கள் தனித்தனியாகப் போகின்றன, ஆகவே செய்தியாவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் காட்பாடியில் ரயில் ஏறியபோது எதிர்ப் பலகையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். வலக்கையைத் துண்டால் மூடியிருந்தார். பேச்சுக் கொடுத்தேன். ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் தோலைத் தரம் பிரிக்கும் வேலை அவருக்கு.

"கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலே தோலை வெச்சு ஒரு தேய்ப்புத் தேய்ச்சா போதும் ஐயா. எங்கே கனம், எங்கே மெலிசு, எங்கே உண்ணி கடிச்ச வடுன்னு விரல் சொல்லிடும். கண்ணு அப்புறந்தான்" என்றார்.

ஆள் குறைந்த ஒரு நாள் அவரை இயந்திரத்தில் தோல் செலுத்தச் சொன்னார்களாம். சுட்டுவிரல் போய்விட்டது. நடுவிரல் இருக்கிறது; மடங்காது. மருத்துவக் குழு பார்த்துவிட்டு 14 என்று எழுதியது. அட்டவணைப்படி சுட்டுவிரலுக்கு அது சரியான கணக்கு. நடுவிரல் கண்ணுக்குத் தெரிந்ததால் கணக்கில் வரவில்லை. இப்போது அதே தொழிற்சாலையில் தோல் கட்டுகளைச் சுமந்து அடுக்குகிறார், கூலி குறைவு.

"ஆறு மாசமா இடது கையாலே எழுதப் பழகினேன் ஐயா. குழுவிலே கையெழுத்துப் போடச் சொன்னாங்க. போட்டேன். 'நல்லா எழுதறீங்களே'ன்னார் டாக்டர். மெச்சினாரா, குறிச்சுக்கிட்டாரான்னு இன்னி வரைக்கும் புரியலை. பழகாமலே இருந்திருக்கணுமோ?"

நான் பதில் சொல்லவில்லை. அவரே தொடர்ந்தார்: "மேலே கேக்கலாம்னு சங்கத்துக்காரர் சொல்றார். வீட்டிலே வேண்டாங்கிறா. போதும்னு சொல்லாம இன்னும் கையை நீட்டினா பிச்சை மாதிரி இருக்குதாம்."

இவர் பேச்சில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. தன் குறையைப் பெரிதாக்கிக் காட்டுகிறவனுக்குத்தான் நியாயம் கிடைக்குமா என்பது ஒன்று. கொடுத்தது போதாது என்று கேட்பது பேராசையா என்பது மற்றொன்று. இரண்டையும் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முதலில் அட்டவணைக்கும் ஒரு வார்த்தை பரிந்து பேசிவிடுகிறேன். உறுப்புக்கு விலை போடுவது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. சுமார் 1400 ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தின் கென்ட் பகுதியை ஆண்ட எத்தல்பர்ட் என்ற அரசன் தன் சட்டத்தில் ஒவ்வொரு விரலுக்கும் தண்டத்தொகை வைத்தான். கட்டைவிரலுக்கு 20 ஷில்லிங். அவன் கணக்கில் சுண்டுவிரல் நடுவிரலைவிட விலை உயர்ந்தது. நம் அட்டவணையில் நடுவிரல்தான் உசத்தி. விரல்களின் மதிப்பு விரலில் இல்லை, மதிப்பிடுகிற காலத்திலும் ஊரிலும் இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். ஆனால் அட்டவணை இல்லாத உலகம் இதைவிட நல்லது என்று எண்ணிவிடாதீர்கள். அங்கே முதலாளியின் மனம்தான் அட்டவணை. இரக்கம் வந்தால் ஐந்நூறு, வராவிட்டால் ஐம்பது. எண் என்று ஒன்று இருப்பதால்தான் ஏழை அதைக் கையில் பிடித்துக்கொண்டு, "இது தவறு" என்று சொல்ல முடிகிறது.

அட்டவணையோடு நிறுத்தாமல் சட்டமும் ஒரு கதவைத் திறந்தே வைத்தது. உறுப்பு இருந்தும் அதன் பயன் அடியோடு நிரந்தரமாகப் போய்விட்டால், உறுப்பே போனதற்குச் சமம் என்று அட்டவணையின் கீழேயே ஒரு குறிப்பு உண்டு. மடங்காத நடுவிரலுக்காக வாதாட அந்த ஒரு வரி இடம் தருகிறது. இ.எஸ்.ஐ. சட்டத்தில் மருத்துவக் குழுவின் முடிவு பிடிக்காதவர் மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அங்கும் திருப்தி இல்லையென்றால் ஈட்டுறுதி நீதிமன்றத்துக்குப் போகலாம். நேராகவே நீதிமன்றத்துக்கும் போகலாம். எதிர்பாராத விதத்தில் காயத்தின் விளைவு பின்னால் முற்றினால் மறுபடி பார்க்கச் சொல்லவும் வழி வைத்தார்கள். இவ்விரு பழைய சட்டங்களும் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டன. அட்டவணையும் கூடவே குடியேறிவிட்டது. மாற்றுத்திறனாளிகளுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் சான்றிதழ் தருகிற அதிகாரியின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய உரிமை இருக்கிறது. இட ஒதுக்கீடு முதலிய சலுகைகளுக்கு அங்கே எல்லை 40. 39 என்று எழுதப்பட்டவனுக்கும் 40 என்று எழுதப்பட்டவனுக்கும் உடம்பில் என்ன வித்தியாசம் என்று கேட்டால் கடவுளே திணறுவார்.

மேல்முறையீடு என்ற ஏற்பாட்டின் பொருளை நாம் சரியாக யோசிப்பதில்லை. "என் அளவு தவறாக இருக்கலாம்" என்று சட்டம் தானே முன்வந்து ஒப்புக்கொள்ளும் இடம் அது. ஒப்புக்கொண்டவரிடம் போய்த் தவறைக் காட்டுவது எப்படிப் பிச்சையாகும்?

வள்ளுவர் 'இரவு' என்று ஓர் அதிகாரம் வைத்தார். அடுத்தே 'இரவச்சம்' என்று இன்னோர் அதிகாரம் வைத்தார். ஆம்பூர்க்காரரின் மனைவி இரண்டாவதன் பக்கம் நின்றாள். அந்த மானத்தை நான் வணங்குகிறேன். ஆனால் அவள் கணவர் கேட்பது இரப்பில் சேராது. 2019 ஜூலை முதல் இ.எஸ்.ஐ.க்குத் தொழிலாளி தன் கூலியில் நூற்றுக்கு முக்கால் பங்கும், முதலாளி 3.25 பங்கும் கட்டுவது என்று ஏற்பட்டது. மாதாமாதம் கட்டிய பணம் அது. நாள் கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முழு ஊனத்துக்கு அதில் நூற்றுக்கு 90, அதாவது 450. அதில் 14 பங்கு என்றால் நாளைக்கு 63 ரூபாய். 14 என்பது 20 ஆனால் 90 ரூபாய். இந்த 27 ரூபாய்க்காக மனுப் போடுகிறவனைப் பேராசைக்காரன் என்று சொல்ல நமக்கு என்ன யோக்கியதை?

சரி, மற்ற கேள்வி. எதை அளக்க வேண்டும்? உடம்பையா, பிழைப்பையா?

இதற்கு நம் உச்ச நீதிமன்றம் ஒரு தச்சரின் வழக்கில் விடை சொல்லியிருக்கிறது. அந்தத் தச்சர் 1968 ஜூலையில் ஒரு சினிமாக் கொட்டகையில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்தபோது விழுந்தார். இடது கையை எடுக்க வேண்டியதாயிற்று. அட்டவணையைக் காட்டி, நூற்றுக்கு நூறு நஷ்டம் என்பது தவறு என்று வாதாடினார்கள். ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே அவருக்குப் போனது நூறு பங்கும்தான் என்றது ஆணையர் தீர்ப்பு. 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2010-இல் ஒரு மோட்டார் விபத்து வழக்கிலும் அதே நீதிமன்றம் இதை இன்னும் விளக்கமாகச் சொன்னது: உடம்பின் ஊனம் வேறு, அதனால் சம்பாத்தியத்துக்கு வந்த நஷ்டம் வேறு, கை போனால் ஓட்டுநருக்கும் தச்சருக்கும் எல்லாமே போகலாம், குமாஸ்தாவுக்கு அப்படி இல்லாமலும் இருக்கலாம்.

இதன் மறுபக்கத்துக்கும் சாட்சி இருக்கிறது, அதுவும் வேலூரிலேயே. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸுக்கு 1954-இல் விபத்து நேர்ந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. எந்த அட்டவணையும் அவருக்கு நூற்றுக்கு நூறு போட்டிருக்கும். தொழுநோயால் முடங்கிய கைகளைச் சீராக்கும் அறுவை சிகிச்சையில் பெயர் பெற்ற டாக்டர் பால் பிராண்ட் அவருக்கு ஊக்கம் தந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே நோயாளிகளின் கைகளுக்கு அவர் அறுவை செய்தார். 1966-இல் பாகாயத்தில் எழுந்த மறுவாழ்வு நிலையம் அவருடைய உழைப்பின் பயன்.

இந்த உதாரணத்தை எடுத்து ஏழையின் தலையில் அடிக்கிறவர்கள் உண்டு. "அந்த அம்மாள் செய்யவில்லையா? உனக்கு ஒரு விரல்தானே போயிற்று?" என்பார்கள். அந்த அம்மாளுக்கு நெஞ்சுரம் இருந்தது. அது மட்டுமா இருந்தது? நாற்காலி இருந்தது, அதற்கேற்ற மேஜை இருந்தது, கற்றுக்கொடுக்க ஆசான் இருந்தார், அவரை வேண்டியவர் என்று நினைத்த ஒரு மருத்துவமனையும் இருந்தது. திறன் என்பது உடம்புக்குள் முழுதும் அடங்கிக் கிடப்பதில்லை. பாதி உடம்பில் இருக்கிறது. பாதி, உலகம் அந்த உடம்புக்கு என்ன இடம் கொடுக்கிறது என்பதில் இருக்கிறது. தச்சருக்கு உலகம் இடம் கொடுக்கவில்லை. அதனால் கையோடு எல்லாம் போயிற்று. தோலைத் தொட்டே தரம் சொன்னவரைத் தோல் சுமக்க அனுப்பியது விபத்தின் வேலை இல்லை, மனிதர்களின் வேலை. அதற்கு எந்த மருத்துவக் குழுவிடமும் எண் கிடையாது.

இடது கையால் எழுதப் பழகியதைத் தவறு என்று ஒருவர் எண்ண வேண்டி வந்தால், அது பெரிய அநியாயம். விழுந்தவன் எழ முயன்றதை, விழவே இல்லை என்பதற்குச் சாட்சியாக எழுதக் கூடாது. அவன் பட்ட பாடு அவனுடைய சொத்து. நஷ்டக் கணக்கில் கழிப்பதற்கு அது ஊர்ப் பணம் அல்ல. ஆகவே குழுவின் முன் நிற்கிறவர்களுக்கு என் யோசனை இதுதான். கூட்டிச் சொல்ல வேண்டாம், வெட்கப்பட்டுக் குறைத்தும் சொல்ல வேண்டாம். விபத்துக்கு முன் காலையிலிருந்து மாலைவரை கை என்னென்ன செய்தது, இன்று அதில் எது முடியவில்லை என்று வரிசையாகச் சொல்லுங்கள். எழுதிக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

குழுவின் முன் நிற்கக்கூட முடியாதவர்களும் அந்த ஊர்களில் இருக்கிறார்கள். ஆம்பூரைச் சுற்றி எத்தனையோ பெண்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து பூட்ஸின் மேல்தோலைக் கையால் தைக்கிறார்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. தொழிற்சாலைப் பதிவில் பெயர் இல்லாதவளுக்கு ஊசியிலும் தோலிலும் விரல் தேய்ந்து, கண் மங்கினால், 14 என்று எழுதவும் ஆள் இல்லை, அது தவறு என்று மேலே போகவும் வழி இல்லை. தவறான எண்ணோடு போராடுகிறவனைவிட அவள் நிலை மோசம்.

நியாயமான குழு ஒன்று என்றைக்காவது அமையுமானால், அதில் டாக்டருக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட வேண்டும் என்பது என் ஆசை. அதே தொழிலில் இருபது வருஷம் கை பழகிய ஒருவர் அதில் உட்கார வேண்டும். எத்தனை விரல் போயிற்று என்று டாக்டர் எண்ணட்டும். அந்த விரல் என்ன செய்துகொண்டிருந்தது என்று இவர் சொல்லட்டும். அதுவரை, கொடுத்ததைச் சரிபார்த்து, குறைந்தால் மேலே கேட்பவர்கள் தயங்காமல் கேட்க வேண்டும். ஏகலைவனுக்கு மேல்முறையீடு இல்லை. கேட்டவரே குருவாகவும் நீதிபதியாகவும் இருந்தார். நமக்கு அந்த வழி இருக்கிறது.