உண்டியலில் விழுந்த மூன்று காசுகள்

1940 கோடையில் பிரிட்டன் மக்கள் முன் ஒரு விலைப்பட்டியல் வைக்கப்பட்டது. ஒரு ஸ்பிட்ஃபயர் போர் விமானம் 5,000 பவுண்டு. இறக்கை 2,000 பவுண்டு. ஒரு ரிவெட் ஆணி ஆறு பென்ஸ். விமான உற்பத்தி அமைச்சர் பீவர்புரூக் பிரபு ஊக்குவித்த இந்த வசூலில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இடம் இருந்தது. ஆறு பென்ஸ் அவர்கள் கைக்கும் எட்டும் காசுதான். கச்சேரி, நாடகம், பழைய சாமான் விற்பனை என்று பள்ளி மண்டபங்கள் நிறைந்தன. உண்டியல் வகுப்பு வகுப்பாகச் சுற்றியது. கடல் கடந்தும் நன்கொடை வந்தது. பிரிட்டிஷ் விமானப்படையின் 264ஆம் பிரிவு சென்னை மாகாணத்தின் பெயரையே தாங்கிப் பறந்தது.

அந்தப் பிள்ளைகள் போட்ட காசு தர்மமா?

இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. பிரார்த்தனையோடு நாளைத் தொடங்கிய பள்ளிகள் அவை. 1944 கல்விச் சட்டம் அரசு நிதியில் நடந்த பள்ளிகளில் அன்றாடக் கூட்டு வழிபாட்டைக் கட்டாயமே ஆக்கியது. பகைவனையும் நேசிக்கச் சொன்ன ஒருவரின் பெயரால் காலையில் கைகூப்பிய பிள்ளை, மதியம் அந்தப் பகைவனை வீழ்த்தும் விமானத்துக்குக் காசு போட்டது. இரண்டையும் ஒரே மனத்தில் எப்படி வைத்துக்கொள்வது?

உண்டியலில் விழுந்த காசுகள் எல்லாம் ஒரே வகை அல்ல என்பதில் இருந்துதான் விடை தொடங்குகிறது.

முதலாவது, தேசிய சேமிப்பு. 1941, 42இல் போர்க்கப்பல் வாரம், 1943இல் வெற்றிச் சிறகுகள் வாரம், 1944இல் படைவீரர் வணக்க வாரம் என்று ஊருக்கு ஊர் இலக்கு வைத்துத் திரட்டினார்கள். பிள்ளைகள் சேமிப்பு முத்திரைகளை வாங்கி அட்டையில் ஒட்டிச் சேர்த்தார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் அது அரசுக்குக் கொடுத்த கடன். பதினைந்து ஷில்லிங் சான்றிதழ் வட்டியோடு திரும்பி வரும். இரண்டாவது, ஸ்பிட்ஃபயர் நிதி. அந்தக் காசு திரும்பாது. ஆனாலும் அது கொடுப்பவரின் கூரைக்கே காவல். தலைக்கு மேல் குண்டு விழும் நாளில் காவலுக்குக் கொடுப்பது கடமை. அதில் குற்றம் காண யாருக்கும் உரிமை இல்லை. தர்மம் என்ற சொல் மட்டும் அதற்குப் பொருந்தாது.

மூன்றாவது காசு கிரீஸுக்குப் போனது.

1941-42 குளிர்காலத்தில் ஜெர்மனியும் இத்தாலியும் பல்கேரியாவும் பிடித்துவைத்திருந்த அந்த நாட்டில் மக்கள் பசியால் தெருவில் விழுந்து செத்தார்கள். ஆக்கிரமித்தவர்கள் உணவைப் பறித்தது ஒரு காரணம். பிரிட்டன் போட்டிருந்த கடல் முற்றுகை இன்னொரு காரணம். 1942 அக்டோபர் 5 அன்று ஆக்ஸ்ஃபர்ட் செயின்ட் மேரி தேவாலயத்தில், கிரீஸுக்கு உதவ வழி தேடிச் சிலர் கூடினார்கள். பாதிரியார் மில்ஃபர்ட், கிரேக்க இலக்கிய அறிஞர் கில்பர்ட் மர்ரி, குவேக்கர் மருத்துவர் ஹென்றி கில்லெட் ஆகியோர் அவர்களில் அடக்கம். அங்கே உருவான குழுவே இன்று ஆக்ஸ்ஃபாம் என்று அறியப்படுகிறது. அவர்கள் கேட்ட காசு கொடுப்பவருக்கு எதையும் திருப்பித் தராது. பெறுபவரின் முகமும் கொடுப்பவருக்குத் தெரியாது. சொந்த நாட்டின் முற்றுகையைக் கேள்வி கேட்கும் துணிவும் அதற்கு வேண்டியிருந்தது.

இந்த வேறுபாட்டைப் பேசுவது பள்ளிகளில் எளிதாக இருந்ததில்லை. முதல் உலகப் போரிலேயே அது நன்றாகத் தெரிந்தது. 1915இல் ஈட்டன் பள்ளித் தலைமையாசிரியர் எட்வர்ட் லிட்டல்டன், ஜெர்மனியிடமும் கிறிஸ்தவ நெறியோடு நடக்க வேண்டும் என்று லண்டனில் பிரசங்கம் செய்தார். பத்திரிகைகள் கொதித்தெழுந்தன. மறு ஆண்டு அவர் பதவியில் இல்லை. டெர்பிஷயரின் ரெப்டன் பள்ளியில் விக்டர் கொலான்ஸ் என்ற இளம் ஆசிரியர், சக ஆசிரியர் டேவிட் சோமர்வெல்லுடன் சேர்ந்து குடிமை வகுப்பு நடத்தினார். உலக நடப்பை மாணவர்கள் வெளிப்படையாக விவாதித்தார்கள், பத்திரிகையும் நடத்தினார்கள். 1918இல் பத்திரிகை நிறுத்தப்பட்டது. கொலான்ஸ் வெளியேற வேண்டியதாயிற்று.

வகுப்பறையை இழந்த கொலான்ஸ் பின்னர் பதிப்பாளராகப் புகழ்பெற்றார். 1945 செப்டம்பரில், ஐரோப்பிய யூதர்களுக்கு நேர்ந்த கொடுமை முழுவதும் வெளிச்சத்துக்கு வந்த அதே ஆண்டில், யூதரான அவர் 'ஐரோப்பாவைக் காப்போம்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். பசித்திருந்த ஜெர்மானியருக்காகத் தங்கள் ரேஷனில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்க முடியுமா என்று மக்களைக் கேட்டார். ஆயிரக்கணக்கானோர் சம்மதம் தெரிவித்து அஞ்சலட்டை எழுதினார்கள். 1946 ஜூலையில் பிரிட்டனிலேயே ரொட்டிக்கு ரேஷன் வந்தது. அப்போதும் அவர் ஓயவில்லை. காலைப் பிரார்த்தனை கேட்டது இதைத்தான்.

ஸ்பிட்ஃபயருக்குக் காசு போட்ட பிள்ளை தவறு செய்யவில்லை. கடனும் காவலும் ஈகையும் வேறுவேறு என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லித்தராததே பெரியவர்களின் தவறு. இன்றும் பள்ளிகளில் வெள்ள நிதி, கொடிநாள் நிதி என்று பிள்ளைகளிடம் வசூலிக்கிறோம். ஆசிரியர்களும் பெற்றோரும் ஒன்று செய்யலாம்: அந்தக் காசு யாருக்குப் போகிறது, ஏன் போகிறது என்று முதலில் பிள்ளையோடு உட்கார்ந்து பேசுங்கள். கொடுக்க மறுக்கவும் அந்தப் பிள்ளைக்கு உரிமை இருக்கட்டும்.

போர் முடிந்ததும் பல நிவாரணக் குழுக்கள் கணக்கை முடித்துக் கலைந்தன. ஆக்ஸ்ஃபர்ட் குழு கலையவில்லை. போரால் மட்டுமன்றி வேறு எக்காரணத்தாலும், உலகின் எந்த மூலையிலும் துன்புறுவோருக்கு உதவலாம் என்று 1949இல் தன் நோக்கத்தை விரித்து எழுதிக்கொண்டது.