வண்டு தொட்ட பூ

மேற்குத் தொடர்ச்சி மலையின் செங்குத்துப் பாறைகளில், நீர் கசியும் விரிசல்களில் காசித்தும்பை இனத்துச் செடிகள் சில வளர்கின்றன. தண்டு என்று சொல்ல ஏதுமில்லை. இடுக்கில் புதைந்த கிழங்கு தென்மேற்குப் பருவமழைக்கு முளைத்து, கல்லை ஒட்டி ஓரிரு இலை விரிக்கும். இலையற்ற காம்பின் நுனியில் பூக்கும். மழை ஓய்ந்தால் கிழங்கு மட்டுமே மிச்சம். இவற்றில் பல மிகக் குறுகிய இடத்துக்கே உரியவை. தமிழக-கேரள எல்லையிலுள்ள வாளையாரில் மலை விலகிப் பாலக்காட்டுக் கணவாய் ஆகிறது. அதற்கு வடக்கே உள்ள செடிகள் பல தெற்கே கிடையாது. இடுக்கியில் 2695 மீட்டர் உயர்ந்து நிற்கும் ஆனைமுடியின் பெயரையே தாங்கிய காசித்தும்பையும் உண்டு.

எவர் கைக்கும் எட்டாத பூ எதற்காகப் பூக்கிறது? 1751இல் வெளியான இரங்கற்பாவில் ஆங்கிலக் கவிஞர் தாமஸ் கிரே, காண ஆளின்றிப் பூப்பதை வீண் என்றே எண்ணினார். பக்தி மரபுக்கோ பூவின் பயன் இறைவன் திருவடி. தில்லைத் தலபுராணத்து வியாக்கிரபாத முனிவர் இதன் எல்லை: விடிந்தால் வண்டு எச்சில்படுத்திவிடுமென்று, இருட்டிலேயே மரமேறிப் பறிக்கப் புலிக்காலும் புலிக்கண்ணும் வரமாகக் கேட்டுப் பெற்றார். முருகன் சூடும் காந்தளையும் வண்டு மொய்க்காதது என்றே திருமுருகாற்றுப்படை சொல்கிறது.

செடியின் கணக்கு வேறு. காசித்தும்பைப் பூவின் புல்லிதழ் ஒன்று பின்புறம் குழலாக நீண்டு தேனை ஏந்துகிறது. மகரந்தப் பைகள் ஒன்றுசேர்ந்து சூல்முடியைக் குல்லாய் போல மூடியிருக்கும். மகரந்தம் போய் அது கழன்று விழுந்த பிறகே சூல்முடி வெளிப்படும். ஆகவே வேறொரு பூவின் மகரந்தத்தைப் பூச்சிதான் கொண்டுவர வேண்டும். பூசைக்குத் தூய்மையானது செடிக்கு மலட்டுத்தனம். கிரேயின் ஏக்கத்துக்கும் முனிவரின் அவசரத்துக்கும் அடியில் ஒரே நினைப்புதான்: பூ மனிதன் வரவுக்குக் காத்திருக்கிறது.

18ஆம் நூற்றாண்டில் தாயுமானவர் இந்த நினைப்பைப் புரட்டிப் போட்டார். பார்க்கும் பூவிலேயே இறைவன் இருப்பதால் அதைப் பறித்து அர்ச்சிக்க மனம் வரவில்லை என்றார். அவர் சொல்லாவிட்டாலும் இதிலிருந்து ஒன்று தானே விளைகிறது: பூவுக்குள் இருப்பவன் வண்டுக்குள்ளும் இருந்தால் எச்சில் என்ற பேச்சே நிற்காது. எட்டாத இடத்துப் பூவுக்கும் எந்தக் குறையும் இல்லை.

இந்தத் தயக்கம் பூவோடு நிற்குமா என்பதுதான் சிக்கல். பூவைப் பறித்தாலும் கிழங்கு பிழைக்கும். பாறை போனால் அதுவும் போகும். காய் வெடித்துத் தெறிக்கும் விதை சிறிது தூரமே செல்லும். வாளையாரில் சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டியிருக்கிறார்கள். வீடும் கோயிலும் எழுவது சிமெண்டில்தான். பூப்பறிக்கத் தயங்கிய மரபு, கல்லுடைக்கும் இடத்தில் எங்கே கோடு கிழிப்பது என்று இன்னும் தீர்மானிக்கவில்லை.