தொலைவிலிருந்து ஆலோசனை, பள்ளியில் பொறுப்பு

இந்தியாவில் 13 முதல் 17 வயது வரையுள்ளோரில் 7.3 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாக 2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு தெரிவித்தது. அத்தனை பேரையும் நேரில் பார்க்கப் போதுமான உளவியலாளர்கள் நாட்டில் இல்லை. இருப்பவர்களும் பெரும்பாலும் நகரங்களில்தான் இருக்கிறார்கள். அந்தக் குறையை ஈடுகட்டவே தொலைபேசி, காணொளி வழி ஆலோசனைகள் வந்தன. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தை மையமாகக் கொண்டு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சி பெற்றுவந்த மாணவி ஒருவரின் மரணம் தொடர்பான வழக்கில், 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சில நெறிமுறைகளை வகுத்தது. 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் படிக்கும் கல்வி நிறுவனத்துக்குத் தகுதி பெற்ற ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது வேண்டும். அதற்குக் குறைவான இடங்கள் வெளியிலுள்ள மனநல வல்லுநரோடு முறையான தொடர்பு வைத்திருக்க வேண்டும். மாதக் கட்டணத்துக்கு ஒரு திரைவழி ஆலோசகரைப் பிடித்துவிட்டு, கடமை முடிந்தது என்று பள்ளி இருந்துவிடலாமா என்பதுதான் இங்கே எழும் அறக் கேள்வி.

தொலைவு எப்போதும் குறையல்ல. சிற்றூர்ப் பள்ளியில் ஆலோசகராக வருபவர் மாணவியின் தெருக்காரராகவோ சித்தப்பாவுக்குத் தெரிந்தவராகவோ இருந்துவிட்டால் அவள் வாய் திறக்க மாட்டாள். காதல், சாதி, வீட்டுக் குடி ஆகியவற்றை ஊர் அறியாத ஒருவரிடம் சொல்வது எளிது. திக்குவாய்க்கான பேச்சுப் பயிற்சி போன்றவற்றில் சிக்கல் இன்னும் குறைவு. அங்கே தேவைப்படுவது பெரும்பாலும் நல்ல இணைய இணைப்பும் பக்கத்தில் உதவிக்கு ஓர் ஆசிரியரும்தான்.

மனம் திறந்து பேசும் ஆலோசனையில் முதல் தடை தனிமை. பல வீடுகளில் கைபேசி ஒன்றுதான், அதுவும் அப்பாவுடையது. பள்ளியில் கணினி இருப்பது தலைமையாசிரியர் அறையில். திரைக்கு அப்பால் இருக்கும் ஆலோசகருக்கு மாணவியின் முகம் தெரியும், கதவோரம் நிற்பவரைத் தெரியாது. ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்று அவள் சொல்வது ஆலோசகருக்கான பதிலா, கதவோரம் நிற்பவருக்கான பதிலா என்று அவரால் பிரித்தறிய முடியாது. பூட்டக்கூடிய ஓர் அறையைக்கூட ஒதுக்காத பள்ளி, சேவை அளிப்பதாகச் சொல்வதில் நேர்மை இல்லை.

அடுத்தது ஒப்புதல். 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சில விலக்குகள் நீங்கலாக, 18 வயது நிறையாதவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. பொதுவாக இது சரியே. ஆனால் துன்பத்தின் ஊற்று வீடாகவே இருக்கும்போது, அடிப்பவரிடமே அனுமதிக் கையெழுத்து வாங்கும் நிலை வருகிறது. பெயர் சொல்லாமல் அழைக்கக்கூடிய உதவி எண் அங்கே கைகொடுக்கும். ரகசியத்துக்கும் எல்லை உண்டு: பாலியல் குற்றம் பற்றித் தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2012 போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு. பேசத் தொடங்கும் முன்பே மாணவிக்கு இதைச் சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகு சொல்வது, சட்டப்படி சரியாக இருந்தாலும், நம்பிக்கைத் துரோகம்.

கடைசித் தடைதான் மிகப் பெரியது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை ஒரு மாணவர் வெளியிடும் நேரத்தில் இணைப்பு துண்டிக்கப்படலாம். நூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பவர் திரும்ப அழைக்கலாம், காவல்துறைக்குச் சொல்லலாம். ஓடி வர முடியாது. அடுத்த ஐந்து நிமிடத்தில் அந்த மாணவர் அருகே போய் நிற்க வேண்டியவர் யார் என்பதை முன்கூட்டியே எழுதி, அவருக்குப் பயிற்சியும் கொடுத்து வைத்திருக்க வேண்டும். அது உடற்கல்வி ஆசிரியராகவோ சத்துணவு அமைப்பாளராகவோகூட இருக்கலாம். பட்டத்தைவிடப் பிள்ளைகள் நம்பும் ஆளாக இருப்பதே முக்கியம். அப்படி ஒருவர்கூடப் பொறுப்பேற்காத பள்ளி, திரைவழி ஆலோசனையைத் தன் மனநலச் சேவை என்று கணக்கில் காட்டுவது தவறு.