தெய்வத்தின் உடைமை

வேலம்பாளையத்துப் பனியன் கம்பெனிகளிலிருந்து கப்பலேறும் அட்டைப்பெட்டி ஒவ்வொன்றிலும் அனுப்புபவர் பெயரும் பெறுபவர் பெயரும் தவறாமல் இருக்கும்; விக்கிரகம் கடல் கடக்கும்போது மாத்திரம் உடையவர் யாரென்று எவரும் எழுதுவதில்லை.

எங்களூருக்கு அருகிலுள்ள திருமுருகன்பூண்டியில், சேரமான் பெருமாள் அளித்த பொருளோடு வந்த சுந்தரரிடம் பூதகணங்களை வேடர் வடிவில் ஏவிப் பறித்த சிவபெருமான், அவர் பாடக் கேட்டு யாவற்றையும் திருப்பித் தந்தார் என்பது புராணம். அங்கே கள்வனாக நின்றவன் பத்தூர் வழக்கில் வாதியாகவே வந்துவிட்டான்! தஞ்சைத் தரணியின் அவ்வூரில், சிதைந்த விசுவநாதர் கோயிலருகே 1976-ல் மண்ணிலிருந்து வெளிப்பட்டு, பல கை மாறி லண்டனை அடைந்த நடராஜரை மீட்கத் தொடுத்த வழக்கில், கோயிலும் அதன் சிவலிங்கமும் வழக்காடத் தகுதியுடையனவா என்ற விசாரம் எழுந்தது. 1988-ல் கிடைத்த சாதகமான தீர்ப்பை 1991-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதிசெய்தது.

எங்கும் நிறைந்த பரம்பொருளுக்கு லண்டனென்ன, பத்தூரென்ன என்பார் உண்டு. அது அரைகுறை வேதாந்தம். ஆவாகனம் செய்து, நீராட்டி, அமுது படைத்த மக்களின் உறவினாலன்றோ உலோகம் மூர்த்தியாகிறது? 1897-ல் பிரிட்டிஷ் படை பெனின் நகரைச் சூறையாடி எடுத்துச் சென்ற உலோகத் தலைகளும் முன்னோர் வழிபாட்டுப் பீடங்களில் இருந்தவையே.

தாயகம் திரும்பிய பத்தூர் நடராஜரோ, தம் சந்நிதிக்கன்றி, திருவாரூர் சிலைப் பாதுகாப்பு மையத்துக்கே போய்ச் சேர்ந்தார். திருட்டுப் பயம் நியாயமானதே; ஆயினும் பூட்டிய அறைக்கு வந்ததை முழு மீட்சியென்று நான் ஒப்பமாட்டேன்.